வேன்தான் வீடு: நடுவழியில் கரண்ட் நின்றால் என்ன செய்வது?

கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் நோக்கிப் போகும் 3ஆம் எண் கூட்டரசு சாலையில் இருட்டிய பிறகு வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். இரு புறமும் செம்பனை. கடைகள் வெகு தூரத்தில். பட்டறைகள் எல்லாம் அடைத்துவிட்டிருக்கும். அப்படிப்பட்ட ஓர் இரவில், வேனையே வீடாக்கிக்கொண்டு கிளம்பிய ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி. பாட்டியின் இன்சுலின் சின்னக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. மணி ஒன்பது. திடீரென்று விசிறி நின்றுவிடுகிறது. விளக்கு அணைகிறது. பெட்டியின் சத்தமும் அடங்கிவிடுகிறது.

வேனுக்குள் மெத்தை, அடுப்பு, பேட்டரி எல்லாம் பொருத்தி ஊர் சுற்றும் பழக்கம், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்திற்குப் பிறகு நம் நாட்டில் நன்றாகவே பரவிவிட்டது. தேசாரு, தஞ்சோங் பாலாவ் கடற்கரைகளுக்கு இப்படிப்பட்ட வண்டிகள் வருவது இப்போது புதுமையல்ல. அமெரிக்காவில் இவற்றை ஆர்.வி. என்பார்கள், நம் ஊரில் கேம்பர்வேன் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பெயர் புதிதாக இருக்கலாம். வண்டியில் தங்குவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. லோரி ஓட்டும் நம் ஆட்கள் எத்தனையோ இரவுகளை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுத்தே கழித்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு ஜொகூரிலிருந்து பத்துமலைக்கு வேன் எடுத்துப்போய் அதிலேயே தூங்கி எழுந்த குடும்பங்கள் உண்டு. பசார் மாலாமில் வண்டிக்கடை போடுகிறவர்களும் பேட்டரியையும் ஜெனரேட்டரையும் நம்பித்தான் பிழைக்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒரு சிக்கலைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கரண்ட் நின்றுபோனதால் உயிர் போவது அரிது. போன கரண்ட்டை உடனே வரவைக்க வேண்டும் என்று அவசரப்பட்டுச் செய்யும் காரியங்களால்தான் உயிர் போகிறது. பியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவது, ஜெனரேட்டரை வண்டிக்கு அடியில் வைப்பது, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது ஆகிய மூன்றும் அவற்றில் முக்கியமானவை.

வண்டிக்குள் மூன்று வகைக் கரண்ட்

பழுது தேடுவதற்கு முன், வண்டிக்குள் கரண்ட் எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒழுங்காகச் செய்யப்பட்ட கேம்பர்வேனில் மூன்று பிரிவுகள் இருக்கும்.

முதலாவது, வண்டியின் சொந்த பேட்டரி. இன்ஜினை ஸ்டார்ட் செய்வதுதான் இதன் வேலை. வேன்களில் இது 12 வோல்ட். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் இதற்குச் சார்ஜ் ஏற்றுகிறது.

இரண்டாவது, வீட்டு பேட்டரி. விளக்கு, விசிறி, தண்ணீர் பம்பு, கைப்பேசிச் சார்ஜர், சின்னக் குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இதில்தான் ஓடும். கூரையில் உள்ள சோலார் தகடு, ஓடும் இன்ஜின், வெளிக் கரண்ட் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றிலிருந்து இதற்குச் சார்ஜ் வரும்.

மூன்றாவது, 230 வோல்ட். வீட்டில் நாம் பயன்படுத்தும் அதே கரண்ட். முகாமிடத்தில் கேபிள் போட்டு எடுப்போம். அல்லது இன்வெர்ட்டர் என்ற கருவி 12 வோல்ட்டை 230 ஆக மாற்றிக் கொடுக்கும்.

12 வோல்ட் ஆளைத் தூக்கி அடிக்காது. ஆனால் தீயை மூட்டும். 230 வோல்ட் ஆளையே கொல்லும். கை வைப்பதற்கு முன் எது எந்தப் பிரிவு என்று தெரிந்திருக்க வேண்டியது இதனால்தான்.

முதல் ஐந்து நிமிடம்

கரண்ட் நின்றவுடன் எதையும் தட்டிப் பார்க்காதீர்கள். முதலில் மூக்கால் பாருங்கள். ரப்பர் கருகிய வாடை, மீன் கெட்டது போன்ற வாடை, புகை, சுடும் பலகை, வீங்கிய பேட்டரி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் பழுது தேடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். எல்லாரும் கீழே இறங்கி வண்டியை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். மெயின் சுவிட்ச் எட்டும் இடத்தில் இருந்தால் மட்டும் அணைத்துவிட்டு 999ஐ அழையுங்கள். சாமான் எடுக்கத் திரும்ப ஏறக்கூடாது. ஒட்டுப்பலகையும் மெத்தையும் நிறைந்த சின்ன அறையில் தீ பரவ அதிக நேரம் ஆகாது.

வாடையும் புகையும் இல்லையென்றால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். 12 வோல்ட் விளக்கு எரிகிறதா? 230 வோல்ட் பிளக்கில் கரண்ட் வருகிறதா? வண்டியின் சொந்த முன்விளக்கு எரிகிறதா?

விளக்கு எரிந்து பிளக் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு இன்வெர்ட்டர் பக்கமோ வெளிக் கேபிள் பக்கமோ இருக்கிறது. விளக்கு, விசிறி, பம்பு எல்லாம் சேர்ந்து நின்றிருந்தால் வீட்டு பேட்டரியையோ அதன் பெரிய பியூஸையோ பார்க்க வேண்டும். ஒரே ஒரு சாமான் மட்டும் நின்றிருந்தால் அதன் பியூஸ், அதன் வயர், அல்லது அந்தச் சாமான்தான் காரணம். இந்த மூன்று பதில்களிலேயே தேட வேண்டிய இடம் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

மீட்டர் சொல்வதைக் கேளுங்கள்

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வண்டியில் கட்டாயம் இருக்க வேண்டும். வன்பொருள் கடையில் மலிவாகவே கிடைக்கும். அதை டிசி வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் தொட்டுப் பாருங்கள்.

வழக்கமான ஈய அமில பேட்டரி, எதுவும் ஓடாமல் ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12.0க்குக் கீழே போனால் பேட்டரி கெடத் தொடங்கும் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். 11.8க்குக் கீழே என்றால் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். இன்ஜின் ஓடியும் 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் வரவில்லை என்று பொருள்.

லித்தியம் பேட்டரியின் கணக்கு வேறு. அது கிட்டத்தட்டக் கடைசி வரை 13 வோல்ட்டை ஒட்டியே காட்டிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று நின்றுவிடும். அதனுள் இருக்கும் காப்புச் சுற்று, பேட்டரி அளவுக்கு மீறி இறங்கினாலோ சூடானாலோ தானே தொடர்பை வெட்டிவிடும். அப்போது மீட்டர் பூஜ்யம் காட்டலாம். பேட்டரி செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எல்லாச் சாமான்களையும் அணைத்து, சூடு ஆறவிட்டு, அதற்குரிய சார்ஜரைக் கொடுத்தால் பல சமயங்களில் மீண்டும் எழுந்துவிடும்.

பேட்டரி நன்றாக இருந்தால், அங்கிருந்து கரண்ட் போகும் வழியிலேயே மீட்டரைக் கொண்டுபோங்கள். பேட்டரி முனை, பெரிய பியூஸுக்கு முன், பின், சின்னப் பியூஸ் பெட்டி, கடைசியாகச் சாமான். எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே வோல்ட் காணாமல் போகிறதோ அங்கேதான் கோளாறு. தண்ணீர்க் குழாயில் அடைப்பைத் தேடுவது போலத்தான் இதுவும். நடுவில் எங்கோ ஓரிடத்தைப் பிடித்துக் கழற்றத் தொடங்கினால் இருட்டில் இன்னும் இரண்டு பழுதை நாமே உண்டாக்கிவிடுவோம்.

பியூஸ் எதிரியல்ல

பியூஸ் போனதும் அதைத் திட்டுவது நம் வழக்கம். உண்மையில் பியூஸ் காப்பது சாமானை அல்ல, வயரை. மெல்லிய வயரில் தாங்க முடியாத அளவு கரண்ட் ஓடினால் வயர் சூடேறி, அதன் மேலுறை உருகி, பக்கத்திலுள்ள பலகை பற்றிக்கொள்ளும். அதற்கு முன்பே பியூஸ் தன்னை அழித்துக்கொள்கிறது.

வண்டிப் பியூஸ்களுக்கு நிறம்தான் அடையாளம். மங்கலான மண் நிறம் 5 ஆம்பியர், பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, நிறமற்றது 25, பச்சை 30. சிவப்பு இருந்த இடத்தில் சிவப்பைத்தான் போட வேண்டும். சிவப்பு தீர்ந்துவிட்டது என்று பச்சையைப் போட்டால் 10 ஆம்பியர் வயரில் 30 ஆம்பியர் ஓட அனுமதி கொடுத்தது போலாகும். அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடுவார்கள், கம்பியைச் சுற்றுவார்கள். வீட்டிலேயே அது ஆபத்து. மெத்தைக்கு அடியில் வயர் ஓடும் வண்டியில் அது தூங்குகிறவர்களுக்கு அடியில் தீ வைப்பதற்குச் சமம்.

அதே அளவுப் பியூஸைப் போட்டதும் அதுவும் போய்விட்டதா? மூன்றாவதைப் போடாதீர்கள். எங்கோ வயர் உரசி, உள் கம்பி வண்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அல்லது அந்தச் சாமானே உள்ளுக்குள் கெட்டுவிட்டது. அந்த வரிசையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை வைத்துக்கொண்டு இரவைக் கழியுங்கள். காலையில் வெளிச்சத்தில் பார்க்கலாம்.

துருவும் உப்பும்

தேசாரு, தஞ்சோங் பாலாவ் பக்கம் அடிக்கடி போகும் வண்டிகளில் உப்புக் காற்று தன் வேலையைக் காட்டும். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் கரண்ட் சரியாகப் போகாது. கழற்றும்போது மைனஸ் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், பிளஸ்ஸைத் திருகும் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சமையல் சோடாவைச் சுடுநீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பொடி கரைந்துவிடும். துடைத்துக் காயவைத்து, முனைகளில் கொஞ்சம் வாஸ்லின் தடவி இறுக்குங்கள்.

மைனஸ் வயர் வண்டியின் இரும்போடு சேரும் இடத்தையும் பாருங்கள். விளக்கு மங்கி மங்கி எரிவது, பம்பு ஓடும்போது விசிறி வேகம் குறைவது போன்ற கோளாறுகளுக்கு இந்த இடத்தில் பிடித்த துருவே பல சமயம் காரணமாக இருக்கும். தேய்த்து, இறுக்கிவிட்டால் போதும்.

இன்வெர்ட்டர் ‘பீப்’ அடித்தால்

இன்வெர்ட்டர் சத்தம் போட்டுவிட்டு நின்றால் பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று. பேட்டரி இறங்கிவிட்டது, சுமை அதிகம், சூடாகிவிட்டது. மூன்றுக்கும் முதல் மருந்து ஒன்றுதான். அதில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கி, அதைச் சற்று நேரம் ஆறவிட வேண்டும்.

சுமை எப்படி மீறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு. 100 ஆம்பியர் மணி கொண்ட 12 வோல்ட் பேட்டரியில் 1,200 வாட் மணி இருக்கிறது. ஈய அமில பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் சுருங்கும் என்பதால் 600தான் நமக்கு. ஒரு சின்ன விசிறி 25 வாட். எட்டு மணி நேரத்துக்கு 200. விளக்குகள் 10 வாட்; நான்கு மணி நேரத்துக்கு 40. மூன்று கைப்பேசிகளுக்கு 45. குளிர்சாதனப் பெட்டி 45 வாட். இரவு 12 மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினால் 270. மொத்தம் 555. ஓர் இரவுக்குச் சரியாகப் போகும்.

இப்போது யாராவது காப்பிக்கு 2,000 வாட் கெட்டலை மாட்டினால் என்ன ஆகும்? ஐந்து நிமிடத்தில் 167 வாட் மணி போய்விடும். அதைவிடப் பெரிய சங்கதி, அந்த ஐந்து நிமிடமும் பேட்டரி வயரில் 167 ஆம்பியருக்கு மேல் ஓடும். சோற்றுப் பானையும் முடி உலர்த்தியும் இதே ரகம்தான். சூடு உண்டாக்கும் எதையும் பேட்டரியில் ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டால் பாதி பழுதுகள் வரவே வராது. காப்பிக்கு எரிவாயு அடுப்பு இருக்கிறது. அதையும் கதவு சன்னலைத் திறந்துவைத்துத்தான் பற்றவைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஜொகூரின் கிழக்குக் கரையில் வானம் நாள் கணக்கில் மூடிக்கிடக்கும். சோலார் தகட்டை நம்பிக் கிளம்பினால் இரண்டாம் நாளே பேட்டரி இறங்கும். மரநிழலில் நிறுத்தினாலும் இதே கதி. சோலார் வயரைக் கழற்ற வேண்டி வந்தால் தகட்டுப் பக்கத்தை முதலில் கழற்றி, பேட்டரிப் பக்கத்தைப் பிறகு கழற்றுங்கள். மாட்டும்போது பேட்டரி முதலில்.

முகாமிடத்துக் கரண்ட்

முகாமிடத்தில் கேபிள் போட்டிருக்கும்போது கரண்ட் போனால் முதலில் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். எல்லா இடமும் இருட்டாக இருந்தால் கோளாறு உங்களுடையதல்ல. முகாமிடக்காரரிடம் சொல்லுங்கள், அவர் டிஎன்பியின் 15454 எண்ணுக்கு அழைப்பார்.

உங்கள் வண்டியில் மட்டும் போயிருந்தால் ஆர்சிசிபி இறங்கியிருக்கலாம். வீட்டு மின்பெட்டியில் ‘டி’ என்று பொத்தான் போட்ட சுவிட்ச் இருக்கிறதல்லவா, அதுதான். கரண்ட் போகக்கூடாத வழியில் கசிந்தால் கண் இமைப்பதற்குள் துண்டித்து ஆளைக் காப்பாற்றும். வண்டிக்கு 30 மில்லி ஆம்பியர் ரகம் வேண்டும். எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டுச் சுவிட்ச்சை ஏற்றுங்கள். நின்றால், ஒவ்வொன்றாக மாட்டுங்கள். எதை மாட்டியதும் இறங்குகிறதோ அதுதான் குற்றவாளி. எதுவும் மாட்டாமலேயே இறங்கினால் கேபிளிலோ வண்டியின் உள் வயரிங்கிலோ கசிவு. மழை ஈரமாகவும் இருக்கலாம். அந்தச் சுவிட்ச்சை டேப் ஒட்டி நிறுத்தி வைப்பதோ, அதைத் தவிர்த்து நேரடியாக வயர் கொடுப்பதோ கூடவே கூடாது.

சுருளில் சுற்றிய நீட்டிப்புக் கேபிளை முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். சுற்றியபடியே சுமை ஏற்றினால் உள்ளுக்குள் சூடேறி உருகும். இரண்டு முள் பிளக்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி மூன்று முள் துளையில் திணிக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். வாங்கும் பிளக், அடாப்டரில் சிரிம் ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பாருங்கள். வண்டிக்குள் 230 வோல்ட் வயரிங்கைக் காணொலி பார்த்து நாமே செய்வதற்குப் பதில், எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுப்பதே நல்லது.

வாடையில்லாத நஞ்சு

கரண்ட் நின்ற இரவில் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். விசிறி இல்லாமல் புழுக்கம் தாங்காது, பிள்ளைகள் அழும், ‘இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஏர்கான் போட்டுத் தூங்குவோம்’ என்று யாராவது சொல்வார்கள். நின்றுகொண்டிருக்கும் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவருக்கு எழுந்திருக்க வேண்டும் என்றே தோன்றாது. 2020ஆம் ஆண்டு பட்டர்வொர்த்தில் காருக்குள் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கிய இளம்பெண்கள் மூவர் உயிரிழந்த செய்தி நாட்டையே உலுக்கியது.

ஜெனரேட்டரும் அப்படித்தான். மழை நனைக்கிறது என்று வண்டிக்கு அடியிலோ கூடாரத்துக்குள்ளோ வைக்கக்கூடாது. குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகை காற்றோடு அப்பால் போகும் திசையில் வையுங்கள். பக்கத்து வண்டியின் சன்னலையும் பாருங்கள். நம் புகை அவர்கள் மூச்சில் போய்விடக்கூடாது. கரி அடுப்பை அணைத்துவிட்டதாக நினைத்து உள்ளே எடுத்துவைப்பதும் ஆபத்து.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்தால் சாப்பாட்டைச் சந்தேகிக்காதீர்கள். உடனே எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 999ஐ அழையுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கைக்கு அருகில் பொருத்திவிட்டால் அது விழித்திருக்கும்.

வண்டியே ஸ்டார்ட் ஆகாவிட்டால்

வீட்டுச் சாமான்களை வண்டியின் சொந்த பேட்டரியில் மாட்டாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த பேட்டரிதான் வெளியேறும் வழி. கோத்தா திங்கி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த இரண்டு பெருவெள்ளங்களில் ஜொகூர் ஆறு நகரையே மூழ்கடித்தது. ஆற்றோரத்தில் நிறுத்திய வண்டியில் நள்ளிரவில் தண்ணீர் ஏறும்போது ஸ்டார்ட்டர் ‘டக் டக்’ என்று மட்டும் சொன்னால் என்ன செய்வது? பருவமழைக் காலத்தில் ஆற்றோரத்திலும் நீர்வீழ்ச்சி ஓரத்திலும் இரவு தங்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

வேறு வண்டியிலிருந்து ஸ்டார்ட் எடுக்க வேண்டியிருந்தால் வரிசை இதுதான். சிவப்பு கேபிளின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ்ஸில். மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில்; மறுமுனை செத்த வண்டியின் இன்ஜினில் உள்ள பெயிண்ட் இல்லாத இரும்பில். செத்த பேட்டரியின் மேலேயே கடைசி முனையை மாட்டினால் அங்குள்ள ஹைட்ரஜன் வாயுவில் தீப்பொறி பட்டு வெடிக்கலாம்.

தோட்டத்துச் சாலையில் உதவிக்கு முதலில் வருவது பெரும்பாலும் செம்பனைப் பழம் ஏற்றும் லோரியாகத்தான் இருக்கும். அண்ணன் நல்ல மனதோடு கேபிளை எடுத்து வருவார். ஆனால் பெரிய லோரிகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருப்பார்கள். அதை 12 வோல்ட் வேனில் நேரடியாகக் கொடுத்தால் வேனின் கணினிப் பெட்டி முதல் விளக்கு வரை கருகிவிடும். ‘அண்ணே, உங்க வண்டி பன்னிரண்டா, இருபத்து நாலா?’ என்று கேட்டுவிட்டுத்தான் கேபிளைத் தொட வேண்டும்.

ஓடும்போதே டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தால் ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்திருக்கலாம். பல இன்ஜின்களில் தண்ணீர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. தொடர்ந்து ஓட்டினால் இன்ஜின் கொதித்துவிடும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

இடியும் தண்ணீரும்

இடி மழை நெருங்குவது தெரிந்தால், அது வந்து சேர்வதற்கு முன்பே வெளிக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். மின்னல் தொடங்கிவிட்டால் கேபிளிடம் போகாதீர்கள். இரும்புக் கூடு கொண்ட வண்டிக்குள் சன்னலை ஏற்றிவிட்டு, உலோகத்தைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதே நல்லது. கேபிள் பிளக் தண்ணீரில் கிடந்தால் அந்தத் தண்ணீரில் காலே வைக்கக்கூடாது. வெள்ளநீர் புகுந்த வண்டியைக் காய்ந்துவிட்டது என்று நினைத்து ஸ்டார்ட் செய்யாமல் பட்டறையில் காட்டுங்கள்.

சாப்பாடும் மருந்தும்

இப்போது அந்தப் பாட்டியிடம் வருவோம். குளிர்சாதனப் பெட்டி நின்றால் அதைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே வைத்திருந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிர் தாங்கும். அதற்குமேல் போனால் இறைச்சி, பால், தேங்காய்ப்பால் குழம்பு ஆகியவற்றை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலான வகைகள் நான்கு வாரம் வரை தாங்கும். மருந்துப் பெட்டியில் உள்ள குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே ஓர் இரவு கரண்ட் போனதற்காகப் பதற வேண்டியதில்லை. ஆனால் பகலில் வெயிலில் நிற்கும் வேனுக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? பையில் கட்டிய மருந்தை, ஐஸ் நேரடியாகப் படாதபடி துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக்கூடாது. ஐஸ் இல்லையா? ஈரத்துணி சுற்றிய மண்பானை கைகொடுக்கும். கரண்ட் இல்லாத ஊர்களில் இன்றும் இதைச் செய்கிறார்கள். மூச்சுக்கருவி போன்ற, கரண்ட் இல்லாமல் முடியாத கருவியோடு பயணம் செய்பவர் இருந்தால் கதையே வேறு. பழுது தேடி நேரத்தைக் கழிக்காமல் மருத்துவமனையை நோக்கிப் போக வேண்டும்.

கையோடு இருக்க வேண்டியவை

எல்லா நிறத்திலும் பியூஸ், நிறத்துக்கு இரண்டாவது. மல்டிமீட்டர். தலையில் மாட்டும் டார்ச் லைட். ஜம்ப் கேபிள். பேட்டரி முனைக்குப் பொருந்தும் ஸ்பேனர். மின் டேப். படுக்கையிலிருந்து எட்டும் இடத்தில் உலர்தூள் தீயணைப்பான். முழுச் சார்ஜில் ஒரு பவர் பேங்க். வண்டிக் காப்புறுதியின் அவசர உதவி எண், தாளில் எழுதியது. கைப்பேசி அணைந்துவிட்டால் தாள்தான் பேசும். கூடவே, எந்த பியூஸ் எதற்கு, எந்த வயர் எங்கே போகிறது என்று கையால் வரைந்த ஒரு படம். பியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் அதை ஒட்டிவையுங்கள். வண்டியைச் செய்து கொடுத்தவர் பக்கத்தில் இல்லாத இரவில்தான் அது தேவைப்படும்.

கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலிலேயே ஓர் இரவு வண்டியில் படுத்துப் பாருங்கள். விசிறி ஓடட்டும், பெட்டி ஓடட்டும். காலையில் மீட்டர் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘டி’ பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் ஆர்சிசிபி இறங்காவிட்டால் அதை மாற்றும் வரை கிளம்பாதீர்கள்.

அந்தச் செம்பனைச் சாலைக் குடும்பம் என்ன செய்ய வேண்டும்? வாடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டரை வைக்க வேண்டும். ஒரு பியூஸ் மாற்றிப் பார்க்க வேண்டும். அதுவும் போய்விட்டால் அந்த வரிசையை விட்டுவிட்டு, பாதுகாப்பான இடத்துக்கு வண்டியை ஓட்டிப் போய், சன்னலைத் திறந்து, கொசுவலையைப் போட்டுத் தூங்க வேண்டும். வியர்க்கும். பிள்ளைகள் முனகுவார்கள். பாட்டி, ‘நாங்க லயத்துல இருந்தப்ப எங்கடா விசிறி இருந்துச்சு?’ என்பார். விடிந்தால் பட்டறை திறந்திருக்கும்.